ஜெனரேற்றர் நின்றபோது போன கல்வெட்டு

மண்ணெண்ணெய்ப் புகை எங்கேயாவது மணத்தால் எனக்கு அடுப்பு ஞாபகம் வராது. கொம்பியூட்டர்தான் ஞாபகம் வரும்...

சிரிக்காதீர்கள். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் யாழ்ப்பாணத்தில் கரண்ட் இல்லை. கோப்பாயில் நான் தட்டச்சு வேலை செய்த சென்ரரில் இருந்த ஒரேயொரு கொம்பியூட்டர் ஜெனரேற்றரில் ஓடும். ஜெனரேற்றர் மண்ணெண்ணெயில் ஓடும். ஸ்டார்ட் பண்ண மட்டும் முதலாளி நேசன் அண்ணை ஊசி போடுகிற சிரிஞ்சால் நாலு சொட்டுப் பெற்றோல் விடுவார். நோயாளிக்கு வைத்தியம் பார்ப்பது போலவே இருக்கும்.

அச்சகங்களுக்குப் பேப்பர் கிடைக்காத காலம். அதனால் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியைக்கு வருபவர்களுக்குக் கொடுக்கும் நினைவுப் புத்தகம், நாங்கள் கல்வெட்டு என்போமே, அதுவும் எங்களிடம் வரும். பிரிண்டரில் றிபனைக் கழற்றிவிட்டு மெழுகு ஸ்ரென்சிலில் குத்தி எடுப்போம். பிறகு கோடு போட்ட கொப்பித் தாளில் றோணியோ மெஷினால் மை உருட்டிப் பிரதி எடுப்போம்.

அப்படித்தான் கரவெட்டியிலிருந்து பறுவதம்மா வந்தார். இறந்த கணவர் ஓய்வுபெற்ற ஓவர்சியர். மகன் சிறிதரன் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு வந்து, வாழ்க்கை வரலாறு எழுதிய தாள்களைத் தந்துவிட்டு வேறு அலுவலாகப் போய்விட்டார்.

கல்வெட்டில் வழக்கமாக வரும் 'மனைவி புலம்பல்' மட்டும் தாளில் இல்லை. அம்மா என் பக்கத்துக் கதிரையில் இருந்து வாயால் சொன்னார். நான் அடித்தேன். இடையிடையே நிறுத்தி அழுதார். நானும் மூக்கை உறிஞ்சிக்கொண்டேதான் அடித்தேன். நடுவில் ஒரு வரி...

“சாந்தினி வருவாளென்று வாசல் படலையைப் பார்த்தீரே.”

சாந்தினி மகள். குருநகரில் ஒரு வேதக்கார, கிறிஸ்தவப் பெடியனைக் கட்டிக்கொண்டு போனவள். வீட்டில் அவள் பெயரை யாரும் எடுப்பதில்லை என்று அம்மாவே சொன்னார். தாளில் விடுபட்டிருந்த அவள் பெயரைப் பிள்ளைகளின் வரிசையிலும் சேர்க்கச் சொன்னார். எல்லாவற்றையும் புளொப்பியில் சேவ் பண்ணிவிட்டு அன்றைக்குக் கடையைப் பூட்டினோம்.

அடுத்த நாள் சிறிதரன் அம்மாவோடு பிழை பார்க்க வந்தார். வாசித்துக்கொண்டு போனவரின் முகம் இறுகியது.

“தங்கச்சி, உந்த வரியை எடும். பிள்ளையளின்ரை பேர் வரிசையிலையும் அவள் வேண்டாம்.”

அம்மா சீலைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டிருந்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் சம்பளத்துக்கு இருப்பவள் என்ன செய்வது? இரண்டு இடத்திலும் எடுத்தேன். சேவ் பண்ணக் கீயை அமத்தினேன்.

ஜெனரேற்றர் இருமியது... நின்றது.

நேசன் அண்ணை மறுபடி இயக்கி, கொம்பியூட்டர் எழும்பி வந்ததும் கல்வெட்டைத் திறந்தேன். வெறும் திரை. ஒரு எழுத்துக்கூட இல்லை.

“புளொப்பி அடிவாங்கிட்டுது. திருப்பி அடியும், வேறை வழியில்லை,” என்றார் நேசன் அண்ணை.

வரலாற்றைத் திருப்பி அடிக்கலாம். புலம்பலை? அம்மாவைப் பார்த்தேன்.

“அது யோசிச்சுச் சொன்னதில்லைப் பிள்ளை. அழுகையோடை வந்தது. இனி வராது.”

சத்தமே இல்லாமல் சொன்னார். இதைத் திருப்பி எடுக்காமல் கதிரையை விட்டு எழும்புவதில்லை என்று அந்த இடத்திலேயே முடிவெடுத்தேன்.

நேசன் அண்ணை மண்ணெண்ணெய்க் கானைக் குலுக்கிக் காட்டினார். “பிரிண்ட் எடுக்கத்தான் எண்ணெய் காணும். விளையாடாதையும்.”

“ஒருக்காப் பொறுங்கோ அண்ணை.”

புளொப்பியில் இருப்பதையெல்லாம் வரிசையாகத் திரைக்குக் கொண்டுவந்தேன். கல்வெட்டின் பெயருக்கு நேரே அளவு பூச்சியம். அதற்குக் கீழே அதே பெயரில் இன்னொன்று, பி-ஏ-கே என்ற வாலோடு. அதற்கு நேரே பூச்சியம் இல்லை... ஒவ்வொரு தடவை சேவ் பண்ணும்போதும் முந்திய பிரதியை மெஷின் இப்படி ஒதுக்கி வைக்கும் என்று கோர்ஸில் சொன்னது நினைவுக்கு வந்தது.

திறக்கப் பார்த்தேன். மாட்டேன் என்றது. வாலை வெட்டிப் பெயரை மாற்றிக்கொண்டிருக்கும்போதே ஜெனரேற்றர் மறுபடி நின்றது. அண்ணை புறுபுறுத்தபடி சிரிஞ்சை எடுத்தார். நான் பல்லைக் கடித்துக்கொண்டு முதலிலிருந்து தொடங்கினேன்.

திறந்தது! முழுப் புலம்பலும் திரையில் நின்றது. அம்மா கிட்ட வந்து குனிந்து, எழுத்துக் கூட்டி வாசித்தார். முதல் நாள் பிரதி அல்லவா, சாந்தினியும் அதில் இருந்தாள்.

“இப்ப அந்த வரியை எடுத்துப்போட்டு பிரிண்டைப் போடும்,” என்றார் சிறிதரன்.

நான் கைகளை மடியில் வைத்துக்கொண்டேன்.

“கிடக்கட்டும் சிறி,” என்றார் அம்மா. “போனது திரும்பி வந்திருக்கு. வந்ததை வந்தபடி விடு.”

சிறிதரன் வெளியே போய்ச் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவர் மனம் மாறி உள்ளே வருவதற்குள் நான் ஸ்ரென்சிலை ஏற்றிவிட்டேன்.

இப்போது போனில் ஒரு எழுத்தைத் தட்டினாலே அது எங்கேயோ பத்திரமாகப் போய் இருந்துவிடுகிறது. தொலைப்பதற்கே வழியில்லை. நல்லதுதான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் அன்றைக்குத் திரை நிறைந்தபோது வந்த சந்தோஷம் அதற்குப் பிறகு எந்த மெஷினும் எனக்குத் தரவில்லை...

இதை இன்றைக்கு எழுதக் காரணம் இருக்கிறது. எங்கள் ஊர்க்காரரின் முகநூல் குழுவில் ஒரு படம் பார்த்தேன். மஞ்சளாகிப்போன கோட்டுத் தாள், றோணியோ மை. பார்த்தவுடனே தெரிந்துவிட்டது. போட்டவர் பெயர் சாந்தினி. படத்தின் கீழே எழுதியிருந்தார்:

“அப்பாவின்ரை செத்த வீட்டுக்கு எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லை. பிறகு அம்மா உந்தக் கல்வெட்டை ஆரிட்டையோ குடுத்து அனுப்பினவ. உள்ளுக்கை என்ரை பேர் கிடந்தது. அதைப் பாத்துத்தான் திரும்பப் போய் எங்கடை படலையைத் திறந்தனான்.”