டிரைவரம்மாவின் ஜன்னல் பக்க முடி

டோப்பாக்கா என்று கூப்பிட்டால் அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். என்ன செய்வது, டோப்பா பின்னுவதுதான் தொழில். தெருவே அப்படித்தான் கூப்பிட்டது. இருபத்திரண்டு வருஷமாக வலைத்துணியில் ஒவ்வொரு முடியாகக் கோத்து முடிச்சுப் போடுகிறாள். வெட்டிய முடியில் வெயில் படவே விடமாட்டாள், தகரப்பெட்டியில் பூட்டி வைப்பாள். தலையில் இருக்கிற முடி வெளுத்தால் அடியிலிருந்து புதுசு வரும், வெட்டின முடிக்கு ஏது அந்தக் கொடுப்பினை என்பாள்.

அப்பேர்ப்பட்டவள் கையில்தான் டிரைவரம்மாவின் முடி வந்து சேர்ந்தது. பஸ் ஓட்டுகிறவள். புற்றுநோய் வைத்தியம் தொடங்குமுன் முடியை நான்கு கொத்தாக வெட்டிக் கொண்டுவந்தாள். "வேற யார் முடியும் சேர்க்காதீங்கக்கா. மறுபடி வண்டியில ஏறும்போது நான் நானா இருக்கணும்" என்றாள். ட்யூப்லைட்டில் எல்லாம் கறுப்பாகத்தான் தெரிந்தது. பெட்டி துருப்பிடித்துக் கிடந்ததால், ராத்திரிக்கு மட்டும் என்று கொத்துகளை ஜன்னல் மேடையில் வைத்த டோப்பாக்கா, அன்றே காய்ச்சலில் விழுந்தாள்.

மூன்று வாரம் கழித்து எழுந்து வந்து பார்த்தால், இரண்டு கொத்து செம்பட்டை! நுனியெல்லாம் சொரசொர. எல்லாம் ஜன்னல் வெயிலின் வேலை என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

"மூணு வாரத்துல இவ்வளவு வெளுக்குமா?" என்று வீட்டுக்காரர் கேட்டார்.

"மொட்டை மண்டைக்கு முடியைப் பத்தி என்ன தெரியும்?" என்று அவர் வாயை அடைத்துவிட்டுச் சாயம் கலக்கினாள்.

வெயில் தின்ற முடி சாயத்தைக் கண்டபடி குடிக்கும். முதல் தடவை காக்காய்க் கறுப்பு. அலசி, மறுபடி போட்டு, மூன்றாம் தடவைதான் மற்ற கொத்துகளோடு ஒத்துப்போனது. அப்புறம் பின்னி முடிக்கிறவரை இருப்புக் கொள்ளவில்லை. சொல்லிவிடலாமா? சொன்னால் இத்தனை வருஷப் பேர் என்னாவது? பத்துத் தரம் போனை எடுத்துப் பத்துத் தரமும் வைத்தாள்.

டிரைவரம்மா வந்தாள். தலைத்துணியை அவிழ்த்துவிட்டு டோப்பாவை மாட்டிக் கண்ணாடியில் இப்படியும் அப்படியும் பார்த்தாள். வலது காதோரம் கை நின்றது.

"அக்கா, என் செம்பட்டை எங்க?"

"எது?"

"இந்தப் பக்கம்தான். பதினெட்டு வருஷமா வண்டி ஜன்னல் வெயில் காய்ஞ்ச பக்கம். கண்டக்டர்கூட அரைவேக்காடுன்னு கிண்டல் பண்ணுவாரே!"

டோப்பாக்கா அந்தக் காதோர முடியைத் தொட்டாள். "ஜன்னல்ல வெச்சு நான்தான் கெடுத்துட்டேன்னு நினைச்சு... சாயம் போட்டுட்டேம்மா. பயந்துபோய் உங்ககிட்ட மறைச்சுட்டேன்."

டிரைவரம்மா அந்தப் பக்க முடியை விரலால் நீவிப் பார்த்தாள். திட்டியிருந்தாலாவது தேவலை.

"எடுக்க முடியாதா?" என்றாள் கடைசியில்.

"எடுத்தா முடி பொடிஞ்சிடும்."

"வண்டியில உட்கார்ந்தா வெயில்ல தானா வெளுக்கும்ல?"

"வெளுக்கும். ஆனா ஒடியவும் செய்யும். வளராத முடிம்மா இது. ஒரு வருஷம் தாங்கினா பெரிசு."

"ஒரு வருஷம் போதும். அதுக்குள்ள என்னோடது வளர்ந்துடும்." கண்ணாடி வழியாகவே டோப்பாக்காவைப் பார்த்தாள். "வளரும் இல்லக்கா?"

முடியைப் பற்றி யார் எதைக் கேட்டாலும் பட்டென்று பதில் சொல்கிறவள் டோப்பாக்கா. இதற்கு மட்டும் அவளுக்குத் தெரியவில்லை. "வளரும்" என்று சொல்லிவிட்டு அழுதுவிட்டாள்.