அஞ்சரைக்கு ஆன் ஆகிற கம்ப்யூட்டர்

அம்மாவுக்குப் பக்கவாதம் வந்தபோது, வேலையை விட்டுவிடுகிறேன் என்று சொல்லத்தான் சங்கரன்கோவிலுக்குப் பஸ் ஏறினேன். எங்கள் ஊரான திருவேங்கடத்து வீட்டில் அம்மாவும் நானும் மட்டும்தான். அவளைப் புரட்டிப் படுக்கவைக்கக்கூட இன்னொரு ஆள் கிடையாது. எனக்கோ கணக்கு எழுதுவதைத் தவிர வேறு பிழைப்பு தெரியாது. சங்கரன்கோவிலில் நான் வேலை பார்த்த, தறிகளுக்கு நூல் விற்கும் அந்தக் கடையைத் தவிர வேறு இடமும் தெரியாது.

முதலாளியை எல்லாரும் அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவோம். நான் சொன்னதைக் கேட்டுவிட்டு, "கணக்கு பூரா கம்ப்யூட்டர்லதான கிடக்கு? அத அங்கன இருந்தே பாக்க வழி கிடையாதா?" என்றார். செல்போனில் ஒரு படம் அனுப்பத் தெரியாத மனிதர். அந்தத் துக்கத்திலும் எனக்குச் சிரிப்பு வந்தது.

வழி இருந்தது. கம்ப்யூட்டர் கடைக்காரர் வந்து விபிஎன் போட்டுக் கொடுத்தார். "நெட்டுல உங்களுக்கு மட்டும் ஒரு தனிப் பாதைன்னு வச்சிக்கோங்க, வேற யாரும் உள்ள வர முடியாது" என்றார். வீட்டு லேப்டாப்பில் பாஸ்வேர்டைத் தட்டினால் கடைக் கம்ப்யூட்டரின் திரை அப்படியே எதிரில் வந்துவிடும். போகும்போது, "மிஷின எப்பவும் ஆன்லயே வச்சிருக்கணும், அண்ணாச்சி" என்றார். அண்ணாச்சி தலையாட்டினார்.

அம்மா விழிப்பதற்கு முந்தைய விடியற்காலைதான் எனக்குக் கிடைத்த நேரம். மறுநாள் லேப்டாப்பைத் திறந்தால் இணைப்பே கிடைக்கவில்லை. மாடியில் ஏறி நின்று பார்த்தேன். உறங்கிக் கிடந்த கம்ப்யூட்டர் கடைக்காரரைப் போனில் எழுப்பி வாய்க்கு வந்தபடி பேசினேன். அவர் பாவம், ஒரு தப்பும் செய்யவில்லை. கடை பூட்டும்போது சூடம் காட்டி, மெயின் சுவிட்சை இறக்கி, பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டுப் போவது அண்ணாச்சியின் வழக்கம். முந்தின ராத்திரியும் அதைத்தான் செய்திருக்கிறார்.

கேட்டதற்கு, "மெயினப் போட்டுட்டு எப்படிம்மா வீட்டுல போயி உறங்குதது?" என்றார். முன்பு ஒருமுறை ஒயர் உருகி அவருடைய குடோன் எரிந்திருக்கிறது. வேலை போயிற்று என்று அடுப்படியில் நின்று அழுதேன்.

சாயங்காலம் அவரே கூப்பிட்டார். "அந்தக் கம்ப்யூட்டர் தம்பிட்ட பேசிட்டேன். காலைல அஞ்சரைக்கு மிஷின் ஆன் ஆயிரும். நீ உன் வேலையப் பாரு."

ஆனது. தினமும் ஆனது. ஆடித்தபசுத் திருவிழாக் கூட்டத்திலும் ஐப்பசி அடைமழையிலும் ஒருநாள்கூடத் தவறவில்லை. ஏதோ டைமர் வைத்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். திட்டியதற்குப் பரிகாரமாகக் கம்ப்யூட்டர்காரரின் கெட்டிக்காரத்தனத்தைப் பார்க்கிறவர்களிடமெல்லாம் புகழ்ந்துகொண்டிருந்தேன்.

ஒருநாள் நூல் இருப்பைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். நான் கை வைக்காமலே திரையில் அம்புக்குறி நகர்ந்தது. நின்றது. மறுபடியும் நகர்ந்தது. தனிப் பாதைக்குள் எவனோ வந்துவிட்டான் என்று உடனே போன் போட்டேன்.

"அண்ணாச்சி, கம்ப்யூட்டருக்குள்ள எவனோ புகுந்துட்டான்."

"நான்தாம்மா. மேசையத் தொடைச்சேன், மவுஸ்ல கை பட்டுட்டு."

"இந்நேரத்துக்குக் கடையில என்ன செய்யுதிய?"

"மெயினப் போட ஆள் வேண்டாமா? கரண்ட் வந்தா மிஷின் தானா ஆன் ஆவுத மாதிரி அந்தத் தம்பி வச்சிக் குடுத்திருக்கான். ஆனா ஆள் இல்லாம கரண்ட விட்டுட்டுப் போவ எனக்கு மனசு வராது. நீ முடிக்க வரைக்கும் பேப்பர் படிச்சிக்கிட்டு இருப்பேன்."

"எங்கிட்ட சொல்லியிருக்கலாம்லா?"

"சொன்னா நீ வேலைய விட்டுருப்ப. வச்சிருதேன், அம்மா முழிக்கதுக்குள்ள முடி."

உண்மைதான், விட்டிருப்பேன். எத்தனையோ பெரிய மனிதர்களைப் பார்த்திருக்கிறேன். கும்பிடத் தோன்றியது இவரை மட்டும்தான்.

மறுநாள் திரை வந்ததும் நான் வேலையைத் தொடங்கவில்லை. அம்புக்குறியை இப்படியும் அப்படியுமாக மெல்ல ஆட்டினேன். பேப்பரில் இருந்திருப்பார், கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு அந்தப் பக்கமிருந்து அது ஒருமுறை ஆடியது.