வந்து காத்திருக்க வேண்டாம்

என் மேசை இழுப்பறையில் ஒரு சின்னக் காசெட் கிடக்கிறது. பாட்டுக் கேட்கிற காசெட்டில் பாதி அளவுகூட இல்லை. தொலைபேசி அழைப்புக்குத் தானாகவே பதில் சொல்லுகிற பழைய ஆன்சரிங் மெசினுக்குள் போடுகிற வகை. போட்டுக் கேட்க இப்போது மெசின் இல்லை, நான் தேடவும் இல்லை. அதில் என் அத்தானின் குரல் இருக்கிறது. யாழ்ப்பாணத்து உச்சரிப்புக் குறையாத ஆங்கிலத்தில், இன்றைக்குப் பாதைகள் பூட்டியிருக்கின்றன, தயவுசெய்து வந்து காத்திருக்க வேண்டாம் என்று சொல்லுவார். அவ்வளவுதான். ஒருவர் விட்டுப்போக வேண்டிய வாசகமா இது என்று எனக்கே சில நேரம் எரிச்சல் வரும். ஆனாலும் வீடு மாறும்போதெல்லாம் அதுவும் என்னோடு வந்துவிடுகிறது.

அத்தான் என் அக்காவின் கணவர். தொண்ணூறுகளில் நாங்கள் இரண்டு பேரும் ஊரை விட்டு வெளிநாடு வந்து, பாபடோயிட்டோய் என்ற புறநகரில் ஒரு வாடகை வீட்டில் இருந்தோம். நான் நகர மையத்தில் ஓர் அலுவலகத்தில் வேலை பார்த்தேன். அவருக்குத் தெற்கே, மோட்டார்வேயில் தகனினியையும் தாண்டி நெடுந்தூரம் போனால் வருகிற பைன் காட்டில் வேலை. அந்தக் காட்டுக்குள் மோட்டார் சைக்கிள் ஓட்டுவதற்கென்றே பாதைகள் வெட்டிவிட்டிருந்தார்கள். சைக்கிளை வருடா வருடம் பதிய வேண்டும். பதிந்ததற்கு அடையாளமாக முன் சில்லுக்கு மேலே ஒரு ஸ்டிக்கர். சனிக்கிழமைகளில் கேட்டடிக் கொட்டிலில் இருந்து அந்த ஸ்டிக்கரை ஒட்டிவிடுகிற வேலை எனக்கு. பாதையைத் திறப்பதா பூட்டுவதா என்று தீர்மானிக்கிறது அத்தான். கனடாவில் இருந்த எங்கள் சித்தப்பாவின் மகன் தொலைபேசியில் வரும்போது, அங்கே பனி போதாதென்று பனிவண்டிப் பாதை திறக்கவில்லை என்று புலம்புவான். இங்கே மழை கூடிப்போய்ப் பூட்டு என்று நான் சொல்லுவேன். உலகம் முழுக்க யாரோ ஒருவர் கேட்டைப் பூட்டிவிட்டுத் திறப்பைச் சட்டைப்பைக்குள் வைத்திருக்கிறார் போலும்.

அத்தான் தீர்மானிக்கிற விதம் எளிமையானது. காலையில் பிக்கப்பில் பாதையை ஒரு சுற்றுச் சுற்றுவார். பள்ளத்து வளைவில் இறங்கிக் குதிக்காலால் களிமண்ணை அழுத்துவார். அழுத்தின இடத்தில் தண்ணீர் ஊறினால் பூட்டு. ஈரக் களியில் சில்லு இறங்கினால் அந்தத் தடம் கோடைவரைக்கும் ஆறாது. அதில் பிழை சொல்ல ஒன்றுமில்லை. பிழை வேறு இடத்தில் இருந்தது. அவர் சுற்றி முடித்து வருவதற்குள் ட்ரெயிலரில் சைக்கிள்களைக் கட்டிக்கொண்டு வந்தவர்கள் கேட்டுக்கு முன்னால் வரிசையாக நிற்பார்கள். திறப்பீர்களா என்று கேட்டால் அத்தான் ஆம் என்றும் சொல்லமாட்டார், இல்லையென்றும் சொல்லமாட்டார். "பார்ப்பம்" என்பார். ஆங்கிலத்திலும் அதையேதான் சொன்னார். வெயில் ஏறினால் மண் காயலாம், காற்று மாறலாம், பார்ப்பம். மனிதர்கள் ஹெல்மெட்டைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு மத்தியானம்வரை நிற்பார்கள். வருடக் கட்டணம் கட்டினது பூட்டின கேட்டைப் பார்க்கவா என்று என்னிடம்தான் சீறுவார்கள். இல்லையென்று முகத்துக்கு நேரே சொல்ல முடியாத நல்ல மனுசன் அவர். நல்ல மனுசர்களால் மற்றவர்களுக்கு வருகிற அலுப்பு சொல்லி மாளாது.

அக்கா அப்போது யாழ்ப்பாணத்தில், ஊரில் இருந்தாள். கல்யாணம் முடிந்த கையோடு வெளிநாட்டுக்கு வெளிக்கிட்டவர் அத்தான். விசா எடுத்து அவளைக் கூப்பிடுவதாக ஏற்பாடு. விசாவுக்கு வழி பிறந்தது, கொழும்புக்குப் போகத்தான் வழி பிறக்கவில்லை. யுத்தத்தில் பாதை பூட்டு. ஊரைவிட்டு வெளியேறப் பாஸ் வேண்டும். நாளைக்குத் திறக்கிறார்களாம் என்று கதை வரும். பையைத் தூக்கிக்கொண்டு போய் வரிசையில் நிற்பாள். பொழுதுபட, நாளைக்குப் பார்ப்பம் என்று திருப்பி அனுப்புவார்கள். இப்படிப் போய்ப் போய்த் திரும்பி வந்ததில், அயலட்டைச் சனம் அவளை வழியனுப்புவதையே விட்டுவிட்டதாம். இதை அவளே பிறகொரு நாள் சொன்னாள், சிரிக்காமல்.

ஒருவழியாக வந்துசேர்ந்தபோது விமான நிலையத்தில் அந்த ஒரு பையோடுதான் நின்றாள். அத்தான் பையை வாங்கக் கையை நீட்டினார், அவள் கொடுக்கவில்லை. வீட்டிலும் அந்தப் பை வாசலடியிலேயே இருந்தது. சவர்க்காரம், மாற்றுச் சேலை, பத்திரங்கள், எல்லாம் அடுக்கினபடி. நாங்கள் எதிர்பார்த்த அழுகையோ சண்டையோ ஒன்றும் நடக்கவில்லை. சமைத்தாள், துவைத்தாள், கேட்டதற்குப் பதில் சொன்னாள். ஆனால் தனியே வாசல்படி இறங்கமாட்டாள். தெருமுனை டெய்ரிக் கடையில் ஒரு போத்தல் பால் வாங்குவதென்றாலும், "போகலாமோ?" என்று என்னைக் கேட்பாள். "அக்கா, இஞ்ச ஒருத்தரும் மறிக்கமாட்டினம்" என்பேன். "ஓம்" என்பாள். பிறகு போகமாட்டாள். வீட்டுக்குள் மூன்று பேரும் பஞ்சு அடைத்த காதோடு நடமாடுகிறது மாதிரி இருந்தது. எனக்குத் துக்கம்கூட வரவில்லை. அதுதான் பயமாக இருந்தது. இவள் இப்படியே இருந்துவிடுவாளோ என்று ஒரு நாள் அத்தானைக் கேட்டேன். அவர் சொன்னது, "பார்ப்பம்." அன்றைக்கு அந்தச் சொல்லை வாயிலிருந்து பிடுங்கி எறியவேண்டும் போல் இருந்தது.

மரங்களைப் பார்த்தால் மனம் கொஞ்சம் ஆறும் என்று நினைத்து, ஒரு சனிக்கிழமை அவளையும் காட்டுக்குக் கூட்டிப்போனோம். குளிர்காலம். முதல் நாள் நல்ல மழை. வழியில் அவளும் ஒன்றும் கேட்கவில்லை, அத்தானும் ஒன்றும் சொல்லவில்லை. சோற்றுப் பெட்டியோடு அவளைக் காரில் இருத்திவிட்டு நான் கொட்டிலுக்குப் போனேன்; அவர் பாதையைச் சுற்றப் போனார். வழக்கம்போல கேட்டடியில் ஆட்கள் சேர்ந்தார்கள். ஸ்டிக்கர் ஒட்டி நிமிர்ந்தபோது வரிசையின் கடைசியில் அக்கா நின்றாள். சேலைக்கு மேல் என்னுடைய பழைய ஜாக்கெட். காலடியில் அந்தப் பை. அதையும் காரில் ஏற்றிக்கொண்டு வந்தது எனக்குத் தெரியாது. கையில் ஊர் அடையாள அட்டை, பெயரும் படமும் எதிரே இருப்பவருக்குத் தெரிகிற மாதிரிப் பிடித்திருந்தாள். வரிசை ஓர் அடி நகர்ந்தால் பையைக் காலால் ஓர் அடி தள்ளினாள். முன்னால் நின்ற பெரிய உடம்புக்காரர் ஒருவர், முதலில் போகட்டும் என்று விலகி வழிவிட்டார். அவள் தலையை ஆட்டி, அவரைத் திரும்ப அவருடைய இடத்திலேயே நிற்கச் சொல்லிக் கை காட்டினாள். வரிசை குலையக்கூடாது. ஒருவரும் சிரிக்கவில்லை. நான் எழும்பிப் போயிருக்கலாம். அடுத்த ஸ்டிக்கரை உரித்துக்கொண்டு இருந்தேன்.

அத்தான் சப்பாத்தெல்லாம் களியோடு வந்து இறங்கினார். பள்ளத்தில் தண்ணீர் ஊறியிருக்கும் என்று அவர் நடையிலேயே தெரிந்தது. வரிசையை ஒரு பார்வை பார்த்தவர் நின்றுவிட்டார். பிறகு நேரே கடைசிக்குப் போனார். அக்கா அட்டையை நீட்டினாள். அவள் அவரை யாரென்று நினைத்தாள் என்பது எனக்கு இன்றுவரை தெரியாது, கேட்டதுமில்லை. அவர் அட்டையை வாங்கிக்கொண்டார்.

"இண்டைக்குத் திறக்கேல்லை. வாரும், வீட்டை போவம்."

"நாளைக்கு?"

அவர் வாய் திறந்தது. அந்தச் சொல் நாக்கு நுனிவரை வந்ததை நான் கொட்டில் யன்னலால் பார்த்தேன். விழுங்கிக்கொண்டார்.

"நாளைக்கும் இல்லை."

அக்கா அவரை நிமிர்ந்து பார்த்தாள். வந்த நாளிலிருந்து அவர் முகத்தை அவள் அப்படிப் பார்த்ததில்லை. "ஓம். அப்ப சரி. முதலே சொல்லியிருந்தா வந்திருக்கமாட்டன்" என்றாள். குரலில் கோபம் ஒன்றும் இல்லை. பையை அவரிடம் கொடுத்துவிட்டுக் காருக்கு நடந்தாள். அத்தான் களிக்குள் அதே இடத்தில் நின்றார், ஒரு கையில் பை, மறு கையில் அட்டை. பிறகு வரிசையில் நின்றவர்களிடம் போய், இன்றைக்கு இல்லை, நாளைக்கும் இல்லை, வீட்டுக்குப் போங்கள் என்றார். அவர்களும் முணுமுணுக்காமல் போய்விட்டார்கள். இல்லையென்று சொன்னதற்கு நன்றி சொல்லிவிட்டுப் போனவர்களை அன்றைக்குத்தான் கண்டேன்.

அடுத்த கிழமையே அவர் கொட்டிலுக்கு ஓர் ஆன்சரிங் மெசின் வாங்கினார். அதன் பிறகு விடியும்போதே காட்டுக்குப் போய்ப் பள்ளத்தை மிதித்துப் பார்த்து, ஆட்கள் வீட்டிலிருந்து புறப்பட முன்னமே குரலைப் பதிந்துவிடுவார். திறந்தால் திறந்தது, பூட்டினால் பூட்டினது. அவர் வாயில் 'பார்ப்பம்' என்ற சொல்லை நான் மறுபடி கேட்கவில்லை. வீட்டில் சம்பலுக்கு உப்புக் காணுமா என்று கேட்டால்கூட நேர் பதில்தான். வேடிக்கை என்னவென்றால், அந்த எண்ணுக்குத் தவறாமல் அழைத்தது ஒரு சைக்கிளும் இல்லாத ஆள். காலையில் எழும்பினதும் அக்கா குசினிச் சுவர்த் தொலைபேசியில் அந்த எண்ணைச் சுழற்றுவாள். முழுவதும் கேட்பாள். வைத்துவிட்டுத் தேத்தண்ணிக்குத் தண்ணீர் வைப்பாள். ஏன் கேட்கிறாய் என்று நான் கேட்கவில்லை. எத்தனையோ மாதம் கழித்து ஒரு நாள் வேலையால் வந்து குளிர்சாதனப் பெட்டியைத் திறந்தால், நான் வாங்காத பால் போத்தல் ஒன்று இருந்தது. அத்தானும் வாங்கவில்லை. இரண்டு பேரும் அந்தப் பாலில் தேத்தண்ணி குடித்தோம்.

அத்தான் கடைசியாக ஆஸ்பத்திரியில் கிடந்தபோது டொக்டர் நல்ல பிள்ளை. ஒரு நாள் பொறுத்துப் பார்ப்போம், இன்னொரு நாள் பொறுத்துப் பார்ப்போம் என்று சொல்லிக்கொண்டிருந்தார். அக்கா என் பக்கம் திரும்பினாள். "தம்பி, அவரை முதலே சொல்லச் சொல்லு." நான் ஆங்கிலத்தில் சொன்னேன். டொக்டர் உள்ளதைச் சொன்னார். அக்கா தலையாட்டினாள். கதிரையைக் கட்டிலுக்குக் கிட்ட இழுத்துப் போட்டு அத்தானின் கையைப் பிடித்துக்கொண்டு இருந்தாள். அன்றைக்கு அவள் பை இல்லாமல் வந்திருந்ததை அப்போதுதான் கவனித்தேன்.

இப்போது அந்தக் காட்டுப் பாதை திறந்ததா என்று கைத்தொலைபேசியைத் தட்டினால் பச்சையோ சிவப்போ காட்டுகிறது. பதிவும் ஸ்டிக்கரும் அதற்குள்ளேயே முடிந்துவிடுகின்றன. கொட்டில் இல்லை, யாருடைய குரலும் இல்லை. அக்கா தகனினியில், பிற்பாடு பிறந்த தன் மகளின் வீட்டோடு இருக்கிறாள். பாபடோயிட்டோய் வீட்டை ஒழித்தபோது இந்தக் காசெட்டை என் கையில் தந்தவள் அவள்தான். அத்தான் வேலையை விட்ட நாளில் கழற்றிக்கொண்டு வந்தது. பழைய மெசின் ஒன்று எங்கேயாவது கிடைக்கும், தேடி எடுத்து ஒருமுறை போட்டுக் காட்டட்டுமா என்று கேட்டேன்.

"வேண்டாம்" என்றாள். "பூட்டியிருக்கு எண்டு தெரியும்தானே."