நல்ல ரிசல்ட் எடுத்து மூடிய பள்ளிக்கூடம்

இங்கே கனடாவில், டொலார்ட் முருகன் கோயிலில் கடலை வாங்கிக்கொண்டு நின்றபோது மகள் என் காதோடு சொன்னாள்: "அம்மா, சின்னவனை வேற பள்ளிக்கூடத்துக்கு மாத்தப்போறம். அங்க ரிசல்ட் நல்லமாம்." ரொக்ஸ்பரோவில் வீட்டு ஜன்னலால் பார்த்தால் தெரிகிற பள்ளிக்கூடம் இருக்க, பேரனைத் தினமும் காரில் கொண்டுபோய் விடப்போகிறாளாம். அவளைத் தடுக்கிற ஆள் நானில்லை. அதற்கு ஒரு பழைய காரணம் இருக்கிறது.

தாளித்த கடலையின் செத்தல் மிளகாய் வாசம் பட்டாலே என் முதல் ஆசிரியர் நியமனம் நினைவுக்கு வந்துவிடும். வன்னியில் ஒரு சின்ன டவுன். டவுன் என்பது நாங்களாகக் கொடுத்த மரியாதை. ஒரு சந்தை, ஒரு தபாற்கந்தோர், எங்கள் அரசாங்கப் பள்ளிக்கூடம், அவ்வளவுதான். தை பிறந்தால் ஆசிரியர்கள் சைக்கிளில் வீடு வீடாகப் போய் முதலாம் வகுப்புக்குப் பிள்ளை சேர்க்க வேண்டும். பக்கத்து ஊர் வாத்தியாரும் அதே படலை வாசலில் வந்து நிற்பார். "அண்ணை, இந்த வீட்டில நான் நேற்றே கதைச்சிட்டன்" என்று வெட்கமில்லாமல் சண்டை பிடித்திருக்கிறேன்.

பிள்ளைகள் இன்னும் குறைந்தால் பள்ளிக்கூடத்தை மூடிவிடுவோம் என்று கல்விக் கந்தோர் சொல்லிவிட்டது. எங்கள் தலைமையாசிரியை, அதிபர் அம்மா, அசரவில்லை. "ஸ்கொலசிப்பில பிள்ளையளைப் பாஸ் பண்ண வையுங்கோ. பேந்து பாருங்கோ, சனம் தானா வரும்." ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் எழுதுகிற சோதனை அது; அந்த வகுப்பு என் கையில். விடியவே வகுப்பு, சனி ஞாயிறும் வகுப்பு. அந்த வயதில் என்னைப் பற்றி எனக்கு நல்ல நினைப்பு. இப்போதும் பெரிதாகக் குறைந்துவிடவில்லை. ஒருவருமே பாஸ் பண்ணியிராத பள்ளிக்கூடத்தில் அந்த வருடம் ஐந்து பேர்! அதிபர் அம்மா பெரிய கிடாரத்தில் கடலை அவிப்பித்து ஊருக்கே கொடுத்தார்.

பாஸ் பண்ணினால் யாழ்ப்பாணத்துப் பெரிய பள்ளிக்கூடங்களில் இடம் கிடைக்கும். அது எங்களுக்குத் தெரியாததா? தெரியும். ஆனால் நம் பிள்ளைகள் நம்மை விட்டுப் போவார்கள் என்றுதான் தோன்றவில்லை. ஐந்து பேரும் புறப்பட்டார்கள். அதிக புள்ளி எடுத்த சுகந்தியின் வீட்டுக்கு ஓடினேன். தாய் மகளுக்குப் புதுப் பள்ளிக்கூடத்துக் கழுத்துப்பட்டியைக் கட்டி அழகு பார்த்துக்கொண்டிருந்தார்.

"அக்கா, சுகந்தி போனா மற்றப் பிள்ளையளும் போயிடும். பள்ளிக்கூடத்தை மூடிப்போடுவினம்."

"இவள் பெரிய ஆளா வருவாள் எண்டு நீங்கள்தானே ரீச்சர் சொன்னனீங்கள். இப்ப இஞ்சயே வைச்சிருக்கச் சொல்லுறியள்?"

தந்த தேத்தண்ணியைக் குடித்துவிட்டுத் திரும்பி வந்தேன்.

அடுத்த வருடம் இன்னும் நன்றாகப் படிப்பித்தேன். இன்னும் அதிகம் பேர் போனார்கள், தம்பி தங்கைகளையும் கூட்டிக்கொண்டு. குறைத்துப் படிப்பிக்க எனக்குத் தெரியவில்லை. அதிபர் அம்மாவும் அப்படிச் சொல்லவில்லை. நான் கனடாவுக்கு வந்தபின் பள்ளிக்கூடத்தை மூடினார்கள். உள்நாட்டுச் சண்டையால் மூடியது என்று இங்கே யாராவது சொன்னால் உடனே திருத்துவேன்: நாங்கள்தான் மூடினோம், நல்ல ரிசல்ட் எடுத்து. இன்றைக்கு அங்கே விட்டாலும் அப்படித்தான் படிப்பிப்பேன்.

போன வருடம் அங்கே போய் வந்த தங்கை ஒன்று சொன்னாள். காலையில் பிள்ளைகள் எல்லோரும் வெளியூர்ப் பள்ளிக்கூடங்களுக்குப் பஸ் ஏறிப் போய்விடுகிறார்களாம். அதன்பிறகு மாலை வரை அந்தப் பள்ளிக்கூடத் தெருவில் ஒரு பிள்ளையின் சத்தமும் கேட்பதில்லையாம். அதைக் கேட்டுத்தான் அழுதேன்.