இடது கதவின் கரகரப்பு

மணப்பாறையிலிருந்து என் காரை விலைக்குப் பார்க்க வந்தவர் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்தார். பிறகு பாட்டைச் சத்தமாக வைத்தார். "எல்லாம் நல்லாருக்கு சார். இந்த இடது பக்க ஸ்பீக்கர் மட்டும் கரகரங்குது. அத மட்டும் பாத்துக் குடுத்துடுங்க. ஞாயித்துக்கிழமை வந்து எடுத்துக்கறோம்" என்றார். சரி என்றேன். என் மனைவி போய்ச் சேர்ந்து பத்து மாதம் ஆகியிருந்தது. அந்தப் பத்து மாதமும் யார் எதைச் சொன்னாலும் சரி என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அந்தக் கரகரப்பு எனக்குப் புதிதல்ல. இரண்டு வருடம் அதற்காக அவளைத் திட்டியிருக்கிறேன். "நீ கதவை அறைஞ்சு சாத்தறதுலதான் ஸ்பீக்கர் போச்சு" என்பேன். அவள் கொஞ்ச நாளில் கதவை மெதுவாகச் சாத்த ஆரம்பித்தாள். எவ்வளவு மெதுவாக என்றால், கதவு சரியாக மூடிக்கொள்ளாமல், காவிரிப் பாலம் ஏறும்போது ஸ்டியரிங்குக்கு முன்னால் சிவப்பு விளக்கு எரியும். அதற்கும் திட்டினேன். எனக்குத் திட்டக் காரணத்துக்குப் பஞ்சமே இருந்ததில்லை.

சனிக்கிழமை காலை, கே.கே. நகர் வீட்டு வாசலில் காரை நிழலில் நிறுத்தி, இடது முன் கதவைத் திறந்துவைத்து, தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்தேன். ஸ்பீக்கர் மூடியைக் கழற்றுவது பெரிய வித்தை இல்லை. பிளாஸ்டிக் ஸ்கேலில் துணி சுற்றி, ஓரத்தில் நுழைத்து, கீழிருந்து கொஞ்சம் கொஞ்சமாக நெம்ப வேண்டும். உள்ளே நான்கு க்ளிப்புகள், ஒவ்வொன்றாக டக் டக் என்று விடும். அவசரப்பட்டால் உடையும். இது எனக்கு அனுபவத்தில் தெரியும். கார் வாங்கிய புதிதில், நல்ல ஸ்பீக்கராக மாற்றுகிறேன் பேர்வழி என்று நானே கழற்றி, மேல் க்ளிப்பை உடைத்துவைத்தேன். அன்றிலிருந்து மூடியின் மேல் ஓரம் ஒரு விரல் நுழையும் அளவுக்கு விலகியே நின்றது. இதை யார் பார்க்கப் போகிறார்கள் என்று விட்டுவிட்டேன்.

மூடி கையோடு வந்தது. கூடவே மடியில் ஏதோ கொட்டியது. பூச்சியோ என்று உதறப் போனேன். துளசி. காய்ந்து, கறுத்து, தொட்டால் பொடியாகிற துளசி, காம்பும் கதிருமாக ஒரு கைப்பிடிக்கு மேல் இருந்தது. ஸ்பீக்கரின் மேலேயே நாலைந்து இலைகள் ஒட்டிக்கொண்டிருந்தன. பாட்டுச் சத்தம் ஏறும்போதெல்லாம் இவைதான் உள்ளே குதித்திருக்கின்றன.

விஷயம் புரிய நேரமாகவில்லை. சனிக்கிழமைதோறும் ஸ்ரீரங்கம் போய்ப் பெருமாளைச் சேவித்துவிட்டுக் காரில் ஏறியதும், கோயிலில் வாங்கிய துளசியை அவள் டேஷ்போர்டில் வைப்பாள். "காஞ்சு ஏசி ஓட்டைக்குள்ள போயிடும். அங்க வைக்காதே" என்பேன். அவளுடையது தோல் கைப்பை, அதில் வைக்க மாட்டாள். "பெருமாள் துளசியைக் கால் படற எடத்துல போட முடியுமா? பின்ன எங்கதான் வைக்கறது?" என்பாள். "எங்கயாவது வை" என்பேன். வண்டி ஓட்ட வேண்டும் என்று என் பங்குத் துளசியையும் அவள் கையில்தான் திணிப்பேன். அவளும் எங்கேயோ வைத்திருக்கிறாள். கால் படாத, என் கண்ணிலும் படாத இடம், நான் உடைத்த க்ளிப்புக்குப் பின்னால் அவளுக்குக் கிடைத்திருக்கிறது.

அழுகை வரும் என்று சற்று நேரம் அப்படியே உட்கார்ந்து பார்த்தேன். வரவில்லை. காரியம் நடந்த பதிமூன்று நாளும் வராதது இப்போது மட்டும் வந்துவிடுமா? கால் மரத்துப்போனதுதான் மிச்சம். துடைப்பம் படாமல், எல்லாவற்றையும் கையாலேயே செய்தித்தாளில் கூட்டி எடுத்து, மாடியிலிருந்த செம்பருத்தித் தொட்டியில் போட்டுத் தண்ணீர் ஊற்றினேன். பிறகு வலது கதவின் மூடியையும் கழற்றிப் பார்த்தேன். எதற்கென்று கேட்டால் சொல்லத் தெரியாது. அங்கே தூசி மட்டும் இருந்தது.

பாலக்கரைக்குப் போய்ப் புது க்ளிப் வாங்கி வந்தேன். மாட்டுவது கழற்றுவதைவிடச் சுலபம். க்ளிப்புகளைத் துளைகளுக்கு நேராக வைத்து, உள்ளங்கையால் சுற்றிலும் அழுத்தினால் மூடி தானாக உட்கார்ந்துகொள்ளும். மேல் ஓரத்தில் இனி ஒரு தாள்கூட நுழையாது. பாட்டைப் போட்டேன். சுத்தமாகக் கேட்டது. எனக்குப் பிடிக்கவில்லை, அணைத்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை அவர் தன் மனைவியோடு வந்தார். அவர்களுக்கு இதுதான் முதல் கார். காலையிலேயே ஸ்ரீரங்கம் போய்க் கும்பிட்டுவிட்டு வந்திருந்தார்கள். அவர் பாட்டைப் போட்டுக் கேட்டுவிட்டு, "இப்ப சூப்பரா இருக்கு சார்" என்றார். சாவியைக் கொடுத்தேன். அந்த அம்மா இடது பக்கம் ஏறிக் கதவைப் பட்டென்று சாத்தினார். ஒரே சாத்தில் நன்றாக மூடிக்கொண்டது.

அந்த அம்மாவின் கையில் துளசி இருந்தது. வைக்க இடம் தேடி டேஷ்போர்டு வரை கையைக் கொண்டுபோனவர், என்ன நினைத்தாரோ, நிறுத்திக்கொண்டு ஜன்னல் வழியாக என்னைப் பார்த்தார். "சார், இத இங்க வைக்கலாங்களா?"

"தாராளமா வைங்கம்மா. ஒண்ணும் ஆகாது" என்று சொல்லி முடிப்பதற்குள் எனக்கு அழுகை வந்துவிட்டது. கண்ணைத் துடைக்கத் துடைக்க வந்துகொண்டே இருந்தது.

அவர் கணவர் பதறிப்போய் வண்டியிலிருந்து இறங்கி வந்தார். "கவலப்படாதீங்க சார். உங்க வண்டிய நாங்க நல்லா பாத்துக்கறோம்" என்றார்.