யார் கையால் தண்ணீர்?

பாரூர்ப் பக்கம் மழை பொய்த்த வருடம் அது. எங்கள் கிணறு வற்றிவிட்டது. காய்ச்சலில் கிடந்த மகன் தண்ணீர் கேட்டு அரற்றினான். மாரியம்மன் கோயிலில் விழுந்து, "தாயே, தண்ணி குடு, நீதான் கதி" என்று அழுதுவிட்டு வந்தேன். எங்கள் வயலில் கூலி வேலை செய்யும் முனியம்மா, சேரிக் கிணற்றுத் தண்ணீரோடு வாசலில் நின்றிருந்தாள்.

"கொளந்தைக்குங்க, சாமி."

"உங்க தண்ணி எங்களுக்கு ஆவாது. எடுத்துட்டுப் போ" என்றேன்.

உள்ளேயிருந்து வந்த என் மனைவி குடத்தை வாங்கிக்கொண்டாள். "தண்ணி குடுன்னுதானே ஆத்தாகிட்ட கேட்டீங்க? யார் கையில குடுத்தனுப்பணும்னும் சொன்னீங்களா?"

மகன் பிழைத்தான். இப்போது எங்கள் கிணற்றில் நீர் இருக்கிறது. சேரிக்காரர்களும் இறைத்துக்கொள்ளட்டும் என்று வாளியையும் கயிற்றையும் கிணற்றடியிலேயே விட்டுவைக்கிறேன். எத்தனை முறை கூப்பிட்டும் முனியம்மா இன்னும் அந்த வாளியைத் தொடவில்லை.