ரூம் ஃபுல்

பி.காம். கடைசி வருடத்துக்கு முந்தைய கோடை விடுமுறையில் ஏதாவது ஒரு தொழிலில் பயிற்சி எடுத்து, சான்றிதழ் கொண்டுவந்தால்தான் பரீட்சை எழுதலாம் என்று எங்கள் கல்லூரியில் புதிதாக ஒரு விதி போட்டார்கள். அறுபதுகளின் நடுப்பகுதி அது. மதுரையில் வசதியான வீட்டுப் பையன்கள் ஆளுக்கொரு மாமன் கடையில் போய் விசிறிக்கு அடியில் உட்கார்ந்துகொண்டார்கள். எனக்கு அந்த மாதிரி மாமன் யாரும் வாய்க்கவில்லை. கொடைக்கானலில் ஒரு லாட்ஜில் சீசனுக்கு ஆள் தேடுகிறார்கள் என்று விடுதி வார்டன் சொன்னதும் பஸ் ஏறிவிட்டேன்.

அப்பா போன பிறகு என்னைப் படிக்க வைத்தது அண்ணன். பழனியில் திருநீறு தயாரிக்கும் பட்டறையில் அவருக்கு வேலை. சாண உருண்டையைச் சுட்டு, அந்தச் சாம்பலைத் துணியில் சலிக்க வேண்டும். அந்தப் பட்டறையில் இருமல் இல்லாத ஆளே கிடையாது. சாம்பல் இருமல் என்று அதற்குப் பெயரே வைத்திருந்தார்கள். அதனால் அண்ணன் இருமத் தொடங்கியபோது எங்கள் வீட்டில் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஊரே இருமுகிறது, இவரும் இருமுகிறார் என்று விட்டுவிட்டோம்.

பயிற்சி என்றால் மேசை, நாற்காலி, ஃபைல் என்று நினைத்து இஸ்திரி போட்ட சட்டைகளோடு மலையேறியிருந்தேன். மேனேஜர் என்னை நேராகக் கொண்டுபோய் பஸ் ஸ்டாண்டில் நிறுத்தினார். இறங்குகிற ஆட்களை நம் லாட்ஜுக்கு அழைத்து வர வேண்டும். அதற்குக் கேன்வாஸ் என்று பெயர். எங்கள் புத்தகத்தில் அதற்கு நீளமான இலக்கணம் இருந்தது. இங்கே நல்ல தொண்டையும் வெட்கம் கெட்ட முகமும் இருந்தால் போதும்.

மேனேஜர் கொடைக்கானலிலேயே பிறந்து மிஷன் பள்ளியில் படித்தவர். ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போவார். யாரிடமும் குரல் உயர்த்த மாட்டார். கெட்டவராக இருந்திருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். முதல் நாளே அவர் எனக்கு ஒரு பாடம் நடத்தினார்.

"எறங்குனதும் எல்லாரும் ஒரு தடவ இருமத்தான் செய்வாங்க தம்பி. அது குளுர் காத்துக்கு. அதக் கண்டுக்கிடாதீங்க. ரெண்டாவது இருமல வாயப் பொத்தி முழுங்குவான் பாருங்க, அந்த ஆளு நமக்கு வேணாம். சிரிச்ச மொகமா 'ரூம் ஃபுல்'னு சொல்லி அனுப்பிருங்க. பக்கத்து ரூம்ல இருக்கிற மெட்ராஸ் பார்ட்டி காதுல அந்தச் சத்தம் விழுந்துச்சுன்னா சீசனே போச்சு."

ஊசி மருந்தெல்லாம் வந்துவிட்ட காலம்தான். ஆனாலும் மலைக்காற்று பட்டால் நெஞ்சு நோய் தீரும் என்கிற நம்பிக்கை போகவில்லை. டிபிக்காரர்கள் போர்வையும் ஃபிளாஸ்குமாக வந்து இறங்கிக்கொண்டே இருந்தார்கள். வகுப்பில் ஆட்களை எப்படி வரவழைப்பது என்று மாய்ந்து மாய்ந்து நடத்தினார்கள். வந்தவனை எப்படித் திருப்பி அனுப்புவது என்று பஸ் ஸ்டாண்டில்தான் கற்றுக்கொண்டேன். படிக்கட்டில் கால் வைக்கும்போதே ஆளைச் சொல்லிவிடுகிற அளவுக்குக் கண் பழகிவிட்டது. மேனேஜருக்கு என்மேல் ஏக திருப்தி.

மே மாதக் கடைசியில் மழை முந்திக்கொண்டது. கூட்டம் குறைந்து, லாட்ஜில் பாதி அறைகள் காலியாகிவிட்டன. மேகம் இறங்கி எதிர்க் கடைகூடத் தெரியாத ஒரு மதியம், வத்தலக்குண்டு வழியாக வந்த பஸ்ஸில் ஒரு குடும்பம் இறங்கியது. நல்ல பெட்டி, நல்ல செருப்பு. அவர்களுக்கு முன்னால் ஒருவர் இறங்கி, ஏணிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, துண்டால் வாயைப் பொத்தி இருமலை முழுங்கினார். வேண்டாத ஆள். நான் அவரைத் தாண்டிக் குடும்பத்தின் பக்கம் திரும்பினேன்.

"ஏலே" என்று முதுகுக்குப் பின்னால் சத்தம் கேட்டது.

அண்ணன். சட்டை தோளில் நிற்காமல் தொங்கியது. நெற்றியில் திருநீறு, கையில் மேனேஜருக்கென்று ஒரு பஞ்சாமிர்த டப்பா.

"பட்டறையில சொன்னாங்க, ஒரு மாசம் மலைக்காத்து பட்டா சரியாப் போயிரும்னு. எம் தம்பிதான் அங்கன லாட்ஜுல இருக்கானேன்னு கெளம்பி வந்துட்டேன்" என்றார். அதைச் சொல்லி முடிப்பதற்குள் மூச்சு வாங்கியது.

லாட்ஜில் அண்ணனை உட்கார வைத்து மேனேஜரிடம் பேசினேன். அவர் முதுகுக்குப் பின்னால் பலகையில் சாவிகள் வரிசையாகத் தொங்கிக்கொண்டிருந்தன. அறை வேண்டாம், நான் படுக்கும் ஸ்டோர் ரூமிலேயே இருக்கட்டும் என்று கெஞ்சினேன்.

"சமையக்கட்டுக்குப் பக்கத்துலயா தம்பி?" என்றார் மேனேஜர். பிறகு மெதுவாகக் கேட்டார். "இந்தச் சோலியில நீங்க கெட்டிக்காரரு. நெஞ்சத் தொட்டுச் சொல்லுங்க. இவரு ஒங்க அண்ணன் இல்லேன்னா கூட்டியாந்திருப்பீங்களா?"

அண்ணன்தான் பதில் சொன்னார்.

"கூட்டியாந்திருக்க மாட்டான் சார். மொதல்ல என்னையப் பாத்தான். பாத்துட்டு அங்கிட்டுத் திரும்பிட்டான்."

அவர் குரலில் வருத்தம் இல்லை. தம்பி வேலையைச் சரியாகப் படித்திருக்கிறான் என்று சொல்கிற மாதிரிதான் இருந்தது. அந்த இடத்திலேயே செத்துவிடலாம் போல இருந்தது எனக்கு.

வேறு இரண்டு லாட்ஜுக்கு அவரை நடத்திக் கூட்டிப் போனேன். அங்கே வாசலில் நின்றவர்கள் தினமும் என்னோடு பஸ் ஸ்டாண்டில் நிற்கிற ஆட்கள். அண்ணனை மேலும் கீழும் ஒரு பார்வை பார்த்தார்கள். நான் சிரிக்கிற அதே சிரிப்பைச் சிரித்து, "ரூம் ஃபுல்" என்றார்கள்.

"நானும் வாறேண்ணே. ஆஸ்பத்திரியில சேத்துருவோம்" என்றேன்.

"எழவெடுத்த சாம்பல் என்னோட போகட்டும். நீ சர்ட்டிபிகேட் வாங்காம வந்த, ஒன்னிய வீட்டுக்குள்ள விட மாட்டேன்" என்றார். கீழே போகிற பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தார். அந்த நேரத்தில் மேலே வருகிற பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு திரும்பியது. "ஏலே, வண்டி வந்திருச்சு. போ, வெரசாப் போயிச் சோலியப் பாரு." போனேன். அன்று ஒரு கோயம்புத்தூர்க் குடும்பத்தை அழைத்து வந்தேன்.

சான்றிதழ் நல்லபடியாகவே கிடைத்தது. மதுரை ஆஸ்பத்திரியில் படுக்கை கிடைக்க வெகுநாள் ஆயிற்று. கிடைத்தும் பிரயோஜனம் இல்லை. தை பிறப்பதற்குள் அண்ணன் போய்விட்டார்.

காரியம் முடிந்த அன்று நான் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தேன். எதற்கு அழுகிறேன் என்று அம்மாவுக்குத் தெரிந்துவிட்டதோ என்று பயமாக இருந்தது. அவள் வந்து என் தலையைத் தடவினாள்.

"நீ என்னய்யா செய்வ? அவன் திரும்பி வந்தன்னைக்கே எங்கிட்டச் சொல்லிட்டான். சீசன் நேரமாம், ஊரு பூராம் ரூம் ஃபுல்லாம். ஒத்தச் சாவிகூட இல்லாம பலகை வெறிச்சுன்னு கெடந்துச்சாம். தம்பி எம்புட்டோ அலைஞ்சான்மா, அவன ஒண்ணும் சொல்லாதன்னு சொன்னான்."

"ஆமாம்மா, சீசன்" என்றேன்.